ஓடும்போது பார்க்கணும்

இன்று காலை துணி துவைக்கும் மெஷினுக்குள் இருக்கிற சின்ன வலைப்பையைக் கழற்றினேன். பல மாதமாக அதை மறந்தே போயிருந்தேன். தலைகீழாகப் புரட்டித் தட்டியதும் ஈரப் பஞ்சு உருண்டை ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. அழுக்கு வெள்ளை நிறம், நடுவில் ஒன்றிரண்டு வண்ண நூல்கள். அதைப் பார்த்தபடி பாத்ரூமில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியிலிருந்து அவர், “என்ன பத்மா, வழுக்கி விழுந்துட்டியா?” என்று கேட்டார். விழுந்தவள் எதற்குச் சிரிப்பாள் என்று யோசிக்க மாட்டார். நீ வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்ட என் வீட்டுக்காரர் கொஞ்சமும் மாறவில்லை.

உனக்கென்றால் இந்தப் பஞ்சைக் காட்டினாலே போதும், ஒரு வார்த்தையும் வேண்டியிருக்காது. ஆனால் நீ இல்லை. நீ போன பிறகு உனக்குச் சொல்லவென்று ஒரு செய்தியை வேறு சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல செய்திதான். எதைச் சொன்னாலும், “மொதல்லேர்ந்து சொல்லுட்டி, பாதியில புடிச்சுச் சொல்லாத” என்பாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்.

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நமக்கு ஒரே மாடிப்படி. நீ கீழே, நாங்கள் மேலே. நான் அமைச்சகத்தில் டைப்பிஸ்ட். நீ வேறொரு அரசு அலுவலகத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இஞ்சினியர். நீ முதல் தடவை “ஏட்டி” என்று கூப்பிட்டபோது ஏதோ திட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருநெல்வேலியில் அது செல்லம் என்று தஞ்சாவூர்க்காரிக்கு யார் சொல்வார்கள்?

உன் வீட்டுக்கு உறை மோர் கேட்டு வந்த அன்று கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மரச்சட்டகம் கிடந்தது. என்ன இது என்று கேட்டேன். “ஏரோப்ளேன் எறக்கைட்டி. இது ஒரு பக்கம். இன்னொண்ணு கட்டில்ல கெடக்கு” என்றாய். அப்படியானால் நீ எங்கே படுக்கிறாய் என்று நான் கேட்டதற்கு உறை மோர்க் கிண்ணத்தை என் கையில் வைத்தாய். சின்ன வயசில் அரசாங்க உதவித்தொகையில் பறக்கும் சங்கத்தில் சேர்ந்து உரிமம் வாங்கியதும், அதை விடாமல் புதுப்பித்து வந்ததும், வெளிநாட்டிலிருந்து வரைபடம் தருவித்து இரண்டு பேர் உட்காரும் விமானத்தை நீயே செய்துகொண்டிருப்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணம் கட்டிக்கொள்ள வேண்டியவள் விமானம் கட்டிக்கொண்டாள் என்று மாடிப்படி முழுக்கச் சிரித்தார்கள். நீ அதைக் காதில் வாங்கி, “இதுக்குச் சோறு பொங்க வேண்டாம்லா” என்று சொல்லிவிட்டு மறுபடி உளியை எடுத்தாய். அந்த நிமிஷத்தில்தான் உன்னை எனக்குப் பிடித்துப்போனது.

எஞ்சின் வெளிநாட்டில் இருந்த உன் தம்பி அனுப்பியது. எங்கோ மோதி நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து எடுத்து, மரப்பெட்டியில் போட்டு, கப்பலில் ஏற்றியிருந்தான். இந்த எஞ்சினில் மேலேயும் கீழேயும் போய் வருகிற பிஸ்டனே கிடையாது என்று நீ பெருமையடித்ததில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் சமையலறைக்கே வந்து ஆட்டுக்கல்லைக் காட்டினாய். “குழவி குழிக்குள்ள எப்படி உருண்டுக்கிட்டே சுத்துது? அதே மாதிரி முக்கோணமா ஒரு குழவி சுத்தும். ரெண்டு குழவி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ப்ளக். அம்புட்டுத்தான்.” அதிலிருந்து எனக்கு அது ஆட்டுக்கல் எஞ்சின்தான். உனக்கும் நாளடைவில் அப்படியே ஆகிவிட்டது.

எல்லாம் ஒரு வடிவத்துக்கு வந்ததும் லாரியில் ஏற்றி, ஹரியானா எல்லைக்கு அப்பால் இருந்த சின்ன ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தகரக் கொட்டகை உனக்குக் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் பழைய காரில் கிளம்புவோம். நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில், பின்சீட்டில் அவரும் பெட்ரோல் கேன்களும் புளிச்சோற்றுத் தூக்கும். அவருக்கு விமானத்தின் மேல் எந்த அக்கறையும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த வேப்பமர நிழலைப் போல நிம்மதியாகப் பேப்பர் படிக்கிற இடம் டெல்லியில் வேறு கிடையாது என்று வருவார்.

முதல் தடவை எஞ்சினைக் கிளப்பிய அன்று ஞாபகம் இருக்கிறதா? கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, பக்கத்து வயலிலிருந்து மயில்கள் கத்திக்கொண்டு ஓடின. நீ விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாய். நானும் காட்டினேன். பிறகு வேகத்தை முழுக்க ஏற்றினாய். சில நிமிஷம் போனது. அப்புறம் அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு தட்டியது.

முதலில் கேட்டவள் நான்தான். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் நூறு மெஷின்கள் தட்டுகிற ஹாலில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்த காது இது. எந்த மெஷினில் ஒரு எழுத்து லேசாக ஒட்டினாலும் தலை நிமிராமலே சொல்லிவிடுவேன். கையை ஆட்டி உன்னை நிறுத்தச் சொன்னேன். நீ நம்பவில்லை. அதற்குள் விமானமே நடுங்க ஆரம்பித்துவிட்டது. இருமல்காரனுக்கு நெஞ்சு குலுங்குவது போல மூக்கு முழுவதும் குலுங்கியது. நிறுத்தினாய், இறங்கினாய், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாய். மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காதது போல இனிமையாக ஓடியது. வேகத்தை ஏற்றினால் சில நிமிஷம் கழித்து மறுபடி அதே பிசிறு.

ப்ளக் என்றாய். நான்கையும் மாற்றினோம். தீப்பொறி கொடுக்கிற கம்பிச்சுருள், அந்தக் ‘காயில்’தான் என்றாய். ஒன்றைக் கழற்றி இன்னொன்றின் இடத்தில் மாட்டிப் பார்த்தோம். எது எங்கே இருந்தாலும் பிசிறு வந்தது. வெயில்தான் காரணம், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிறது என்றாய். அது மே மாதம், கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குழாய் முழுக்கச் சூடு தாங்கும் துணியைச் சுற்றினோம், அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டோம். ஒரு பிரயோஜனமும் இல்லை. பனிக்காலம் வந்து, கொட்டகைக் கதவைத் திறந்தால் விமானத்தின் வால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி நின்ற காலையிலும் அந்தப் பிசிறு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மே மாத வெயிலில் வந்தது ஜனவரிக் குளிரிலும் வருகிறதென்றால் வெயிலைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

இதற்கு நடுவில்தான் உன் கண் விஷயம் வந்தது. விமானம் ஓட்டுகிறவர்களுக்கான மருத்துவப் பரிசோதனையில் இந்தத் தடவை தேறிவிட்டாய், ஆனால் விழித்திரையில் கோளாறு ஆரம்பித்திருக்கிறது, கோடையில் வரும் பரிசோதனையில் தேற மாட்டாய் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். மருத்துவச் சான்று இல்லாவிட்டால் உரிமமும் இல்லை. என் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னாய். “நான் கட்டினத மொதல்ல நான்தாம்ட்டி ஓட்டணும். வேற எவனாவது ஓட்ட, நான் கீழ நின்னு கைதட்டவா?” என்று கேட்டாய். சொல்லும்போது குரல் உடையவில்லை. தட்டில் இருந்ததை மட்டும் சாப்பிடவில்லை.

பறக்க அனுமதி தர வேண்டியவர் சர்மாஜி. தடித்த கண்ணாடி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், இனிமையான பேச்சு. அவர் முன்னால் எஞ்சின் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஓட வேண்டும், அதுதான் விதி. முதல் தடவை வந்த அன்று அரை மணி நேரத்தில் கால்வாசிகூடத் தாண்டவில்லை. அவர் மஃப்ளரை இழுத்து விட்டுக்கொண்டு, “ஜஹாஸ் தோ பஹுத் சுந்தர் ஹை, மேடம்” என்றார். விமானம் அழகுதான், எஞ்சினை மட்டும் வழக்கமானதாக மாற்றிவிடுங்கள், அதற்குள் ஓட்டுவதற்கு ஒரு இளைஞனையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஹோலிக்கு முன்னால் இன்னொரு தடவை வருவதாகவும், அதற்குப் பிறகு தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் போனதும் நீ பெட்ரோல் மேல் பாய்ந்தாய். முதலிலிருந்தே டெல்லிப் பெட்ரோலை நீ நம்பியதில்லை. எவன் எதைக் கலக்கிறானோ, எந்தத் தொட்டியில் என்ன துரு கிடக்கிறதோ என்று வடிகட்டாமல் ஒரு சொட்டு உள்ளே விட மாட்டாய். அதற்காகவே என்னிடம் வேட்டி கேட்டு வாங்கியிருந்தாய். “புதுசு ஆவாதுட்டி, அதுல கஞ்சி இருக்கும். தொவைச்சுத் தொவைச்சுப் பூ மாதிரி ஆன வேட்டியாக் கொண்டா.” என் வீட்டுக்காரருடைய பச்சைக் கரை வேட்டி ஒன்று அந்தப் பதத்தில் இருந்தது. அதை இரண்டாக மடித்துப் புனலில் விரித்து, பெட்ரோலை நிதானமாக ஊற்றி வடிகட்டுவது என் வேலை. சர்மாஜி வந்து போன பிறகு இரண்டு மடிப்பு போதாது, நாலு மடிப்பு வேண்டும் என்றாய். அப்புறம், வடிந்தது போதாது, மடிப்பைப் பிழிந்தும் விடு என்றாய். காபிக்கு டிகாஷன் இறக்குகிறவள்கூட அவ்வளவு பக்தியோடு இறக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் என் கையில் பெட்ரோல் வாசனை போகாது. நான் பிசைந்த சாதத்தை அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

வேடிக்கை என்னவென்றால், நாம் எவ்வளவு கவனமாக வடிகட்டினோமோ அவ்வளவு சீக்கிரமாகப் பிசிறு வந்தது. அதற்கும் நீ ஒரு காரணம் வைத்திருந்தாய். பெட்ரோல் நாளுக்கு நாள் மோசமாகிறது என்றாய். பம்புக்கு அடுத்து இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம், புதிது போல இருந்தது. தொட்டியைக் காலி செய்து அதன் வாயில் இருக்கிற சின்னக் கம்பி வலையைக் கழற்றிப் பார்த்தோம், பளபளவென்று இருந்தது. “பாத்தியா, நாம வடிகட்டுததாலதான் இம்புட்டுச் சுத்தமா இருக்கு” என்று வேட்டிக்குச் சான்றிதழ் வேறு கொடுத்தாய். தொட்டியிலிருந்து இறக்கிய பெட்ரோலை அதே வேட்டியில் மறுபடி வடிகட்டி உள்ளேயே ஊற்றினோம்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு, “எஞ்சினப் பிரிச்சிருவோம்ட்டி” என்றாய். அந்த முக்கோணக் குழவியின் நுனிகளில் அடைப்புப் பட்டைகள் இருக்கின்றன, அவை தேய்ந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றாய். பிரித்தால் உன் தம்பி சாமான் வாங்கி அனுப்ப வேண்டும், அது வந்து சேர்வதற்குள் கோடை வந்துவிடும், உன் உரிமம் போய்விடும். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ என்னைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உன் மேலா எஞ்சின் மேலா என்று இப்போதும் தெரியாது. “என்னடீ எஞ்சின் இது? ஓட்டினா வருது, நிறுத்திட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்லேங்குது. எங்க செக்ஷன் சூப்பரின்டென்டென்ட் மாதிரி, பெரிய ஆபீசர் வந்தா மட்டும் நல்லவன் வேஷம் போடுது” என்று கத்தினேன். வேப்பமரத்தடியில் பேப்பர் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது.

நீ துடைப்பதை நிறுத்தினாய். “இப்ப என்ன சொன்ன?”

“சூப்பரின்டென்டென்ட் மாதிரின்னேன்.”

“அதுக்கு முந்தி.” நான் திருப்பிச் சொன்னேன். நீ கை துடைத்த துணியைக் கீழே போட்டாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: “ஏட்டி, நாம ஒரு நாளும் ஓடும்போது பாக்கலட்டி. நின்னப்பொறந்தான் பாத்திருக்கோம். நின்னுட்டா எதுவும் ஒழுங்காத்தான் இருக்கும். ஓடும்போது பாக்கணும்.”

ஓடுகிற எஞ்சினுக்குள் கண்ணை விட முடியாது. ஆனால் பெட்ரோலை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றாய். எஞ்சினுக்குள் நுழைகிற இடத்தில் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு காலிக் கேனுக்குள் விட்டாய். எஞ்சினைத் தொடவே இல்லை. மின்சாரப் பம்பை மட்டும் போட்டாய். பெட்ரோல் கட்டை விரல் மொத்தத்துக்குக் கொட்டியது. நாம் இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்கலாம் என்று நினைத்த நேரத்தில் அது மெலிய ஆரம்பித்தது. சுண்டு விரல் ஆனது. அப்புறம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வந்தது. நீ பம்பை நிறுத்தினாய். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாய். பழையபடி கட்டை விரல் மொத்தம்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. “பாத்ரூம் ஜாலிடீ” என்றேன். நீ என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாய். கிட்வாய் நகர் பாத்ரூம் உனக்குத் தெரியாதா? தண்ணீர் போகிற துளைத் தட்டில், டெல்லியில் ஜாலி என்பார்களே, அதில் முடியும் நூலும் வந்து அப்பிக்கொள்ளும். தண்ணீர் இழுக்கிற வரைக்கும்தான் அப்படி உட்கார்ந்திருக்கும். கொஞ்சம் தண்ணீர் நின்றால் மிதந்து விலகிவிடும். யாராவது வந்து பார்க்கும்போது தட்டு சுத்தமாக இருக்கும். உன் தொட்டிக்குள்ளும் அந்த மாதிரி எதுவோ இருக்கிறது, இழுக்கும்போது வந்து உட்காருகிறது, நிறுத்தினால் போய்விடுகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ விமானத்தின் மேல் ஏறியிருந்தாய்.

தொட்டி மூடியைத் திறந்தாய். உள்ளே ஒரே இருட்டு. டார்ச்சை எடுக்கப் போன என்னை ஒரு அதட்டல் போட்டாய், பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் எந்த விளக்கும் ஆகாது என்று. என் கைப்பையில் பொட்டு வைத்துக்கொள்ளும் கண்ணாடி இருந்தது. வெயிலில் நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பி வெளிச்சத்தைத் தொட்டிக்குள் அடித்தேன். நீ கையை நீட்டிப் பம்பைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு என்னை மேலே ஏறச் சொல்லிக் கண்ணாடியை நீ வாங்கிக்கொண்டாய்.

வெள்ளையாக, மெத்தென்று, ஒரு பெரிய மல்லிகை மொக்கு மாதிரி அது வலையின் மேல் உட்கார்ந்திருந்தது. நீ பம்பை நிறுத்தியதும் மெல்லப் பிரிந்து, விரிந்து, தொட்டியின் மூலைக்கு நகர்ந்துபோனது. பார்க்க அத்தனை அழகு. அதைக் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது. என் பையில் எப்போதும் கிடக்கிற பின்னல் ஊசியால் அதை நான்தான் மெதுவாக வெளியே எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து விரித்தால், பஞ்சு. வெறும் பஞ்சு. நடுவில் ஒரு பச்சை நூல்.

நாம் இரண்டு பேரும் அந்த நூலைப் பார்த்தபடி நின்றோம். பேப்பரை மடித்துக்கொண்டு வந்த அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்ம பச்சைக் கரை வேட்டி நூல் இல்ல? அதை எங்கேன்னுதான் தேடிக்கிட்டே இருந்தேன்” என்றார்.

நீ தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. தலைமுடியில் பெட்ரோல், முகத்தில் மசி, கண்ணில் தண்ணீர். துவைத்துத் துவைத்துப் பூவான வேட்டி, ஒவ்வொரு தடவை வடிகட்டும்போதும் ஒரு கொத்துப் பஞ்சை உதிர்த்திருக்கிறது. முழு வேகத்தில் எஞ்சின் இழுக்கும்போது அந்தப் பஞ்செல்லாம் வலையில் போய் அடைத்திருக்கிறது. தொட்டியைக் காலி செய்தபோதெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு நமக்குத் தண்ணி காட்டியிருக்கிறது. நாம் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு வடிகட்டினோம், அது கொழுத்துக்கொண்டே போனது. டெல்லிப் பெட்ரோல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. “எல்லாம் உன் யோசனைடீ” என்று உன்னைக் குத்திக் காட்ட எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நீயும் விடவில்லை. “வேட்டி உங்க வீட்டு வேட்டிதானட்டி?” என்றாய்.

தொட்டியை இறக்கி அலசினோம். கடையில் பித்தளை வலை போட்ட புனல் ஒன்று வாங்கினோம். ஹோலிக்கு முந்தின வாரம் சர்மாஜி வந்தார். நீ எஞ்சினைக் கிளப்பி வேகத்தை முழுக்க ஏற்றினாய். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வழக்கமாகப் பிசிறு தட்டும் இடம் வந்தது. அந்த இடம் போயிற்று. அதற்கு அப்புறமும் போயிற்று. நான் கேட்டதெல்லாம் ஒரே சீரான ஓட்டம், நல்ல டைப்பிஸ்ட் தலை நிமிராமல் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டே போகிற மாதிரி. அரை மணி ஆனதும் சர்மாஜி கையைத் தூக்கினார். நீ நிறுத்தினாய். அவர் இறக்கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, “அச்சா. அப் ஆப் ஹி உடாயியே” என்றார். நீங்களே பறக்கவிடுங்கள் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

நீ பறந்த காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஓடுதளத்தின் இரண்டு பக்கமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடந்தது. நீ பழைய ஸ்வெட்டரும் கான்வாஸ் ஷூவும் போட்டிருந்தாய். ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காத வச்சுக் கேட்டுக்கிட்டே இரி” என்றாய். விமானம் உருண்டது, வேகம் எடுத்தது, சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ வயல்களுக்கு மேல் திரும்பி, கொட்டகைக்கு மேல் வந்து, மறுபடி திரும்பினாய். எங்கே போனாலும் அந்தச் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. வேறு எவனும் ஓட்டவில்லை, நீ கீழே நின்று கைதட்டவும் இல்லை. நாங்கள்தான் கைதட்டினோம்.

இறங்கி வந்து நீ என்ன சொன்னாய் தெரியுமா? இத்தனை வருஷம் இழைத்து, இழைத்து, ஒட்டி, மாட்டி, பறந்துவிட்டு வந்தவள், “பசிக்குட்டி, புளிச்சோறு இருக்கா?” என்றாய். தூக்கு முழுவதையும் நீயே காலி செய்தாய்.

கோடையில் டாக்டர் சொன்னபடியே உன் உரிமம் போனது. அதற்குள் ஆசை தீரப் பறந்துவிட்டாய், என்னையும் ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போனாய். விமானத்தைப் புனேயில் இரண்டு பையன்களுக்குக் கொடுத்தாய், இன்னும் நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. நீ ரிட்டயராகிப் பாளையங்கோட்டைக்குப் போனாய், நாங்கள் ஜனக்புரிக்கு வந்தோம். போனில் பேசும்போதெல்லாம் அலுவலகமோ, மழையோ, உன் தம்பியின் மருமகளோ, எதைப் பற்றிச் சொன்னாலும், “ஓடும்போது பாத்தியாட்டி?” என்று கேட்பாய். பிறகு ஒரு நாள் உன் தம்பி போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான். உனக்குத் தகுந்த சாவு இல்லை அது. நீ ஓடிக்கொண்டிருக்கும்போது போயிருக்க வேண்டியவள்.

இனிமேல் நான் சொல்லவந்த செய்தி. போன குளிர்காலத்தில் மெட்ரோ படிக்கட்டு ஏறும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை எதுவோ இழுத்துப் பிடித்தது. மேலே போய் நின்றால் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, கம்பிகள் ஒட்டி, இதயத்தைப் படம் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, வெறும் வாயு, இஞ்சி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கூட வந்த என் வீட்டுக்காரர் சந்தோஷமாக எழுந்து, “ஜல்தி வா, ஆட்டோ புடிக்கணும்” என்றார். நான் எழுந்திருக்கவில்லை. “டாக்டர் சாப், நின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. என்னை ஓடவிட்டுப் பாருங்க” என்று ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். இந்த வயதிலா என்றார் டாக்டர். இந்த வயதில்தான் என்றேன். கடைசியில் என் பிடிவாதம் தாங்காமல் ட்ரெட்மில் என்கிற ஓடுகிற பட்டையில் ஏற்றிவிட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன், அப்புறம் வேகமாக நடந்தேன். திரையில் கோடு மாற ஆரம்பித்ததை டாக்டர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சட்டென்று பட்டையை நிறுத்தச் சொன்னார்.

ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய அடைபட்டுப் போயிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் அந்தக் குளிரைத் தாண்டியிருக்க மாட்டேன் என்றார். எப்படித் தோன்றியது உங்களுக்கு என்று கேட்டார். ஒரு விமானம் சொல்லிக்கொடுத்தது என்றேன், விளையாடுகிறேன் என்று நினைத்தார். மறுநாள் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பி வலையை நுழைத்து விரித்து வைத்தார்கள். அது எப்படி இருக்கும் என்று கேட்டதற்குத் தாளில் வரைந்து காட்டி, “ஜாலி ஜைசா, மாதாஜி” என்றார். ஜாலி மாதிரியாம். தையல் பிரியும், சிரிக்காதீர்கள் என்று நர்ஸ் வந்து அதட்டும் வரைக்கும் சிரித்தேன். தையலே போடவில்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே இப்போது என் நெஞ்சுக்குள் ஒரு ஜாலி இருக்கிறது. நீ அன்றைக்குக் கொட்டகையில் நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அது அங்கே இருக்காது, இந்தக் கடிதமும் இருக்காது. தினமும் காலையில் பூங்காவில் வேகமாக நடக்கிறேன். நடுவில் ஒரு இடத்தில், முன்பாக இருந்தால் அந்த இழுப்பு வந்திருக்கும் இடத்தில், நிற்காமலே காதைக் கொடுத்துக் கேட்கிறேன். பிசிறில்லாமல் ஓடுகிறது.